பன்னிரண்டு பெரிதா, முந்நூற்று மூன்று பெரிதா?

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சென்ற மாதம் எண்ணுப்பெயர்கள் நடத்திக்கொண்டிருந்தேன். "முந்நூற்று மூன்று" என்று பலகையில் எழுதியதும், ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் எழுந்து நின்றான். "தாத்தா, 303 துப்பாக்கின்னு சொல்றாங்களே. எங்க பக்கத்து வீட்டு மாமாகிட்ட 12 போர் இருக்கு. 12-ஐ விட 303 தானே பெரிசு?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த எண்களின் பொருள் தெரியாமல் கை விரல்களை இழந்த ஒரு மனிதரை ஒரு காலத்தில் என் டிராலியில் ஏற்றிச் சென்றிருக்கிறேன்.

ஜபல்பூர்த் தமிழர்களில் பலர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையிலும் கமரியாவிலும் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அவர்களுக்கு நான் பாடம் சொல்லப்போவது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற கதைதான். நான் துப்பாக்கிக்காரன் அல்லன், தண்டவாளக்காரன். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் பாதை இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவன். இருந்தாலும் அந்தப் பையனுக்குச் சொன்னதை நம் இதழ் வாசகர்களுக்கும், குறிப்பாக வீட்டில் பழைய துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

பையனின் கேள்விக்கு விடை: 12 போர்தான் பெரிது. அதுவும் கொஞ்சநஞ்சம் அல்ல. .303 ரைபிளின் குழல் துவாரம் 7.7 மில்லிமீட்டர். 12 போரின் குழல் துவாரம் 18.5 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல். ஒன்று நீளத்தைக் குறிக்கும் எண். மற்றொன்று எடையிலிருந்து வந்த எண். முழத்தையும் படியையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்கலாகாது.

முதலில் நீளத்தைச் சேர்ந்த எண்ணைப் பார்ப்போம். .303 என்பதில் முன்னால் ஒரு புள்ளி இருக்கிறது. நாம் பேச்சில் அந்தப் புள்ளியை விழுங்கிவிடுகிறோம். அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 303 பங்கு. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் 7.7 வரும். இதைத்தான் கேலிபர் என்கிறார்கள். நம் பட்டறையில் அளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பரின் பெயரும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்தத் துவாரத்தை எந்த இடத்தில் அளப்பது? ரைபிள் குழலின் உள்ளே சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தப் பள்ளங்களில் கடித்துக்கொண்டு பம்பரம் போலச் சுழன்று வெளியே வரும். சுழல்வதால் நேராகப் போகும். ஆகவே குழலுக்குள் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. .303 என்பது எதிரெதிர் மேடுகளுக்கு இடையே உள்ள தூரம். ரயில்வே அன்பர்களுக்கு இது உடனே விளங்கும். அகலப்பாதை 1676 மி.மீ. என்றால் இரண்டு தண்டவாளங்களின் உட்புறத்துக்கு உட்புறம் அளப்பது, நடுவுக்கு நடு அல்ல. அதைப்போலத்தான். ஆனால் குண்டு பள்ளத்தையும் அடைத்துக்கொள்ள வேண்டுமே! ஆகையால் .303 குண்டின் உண்மையான விட்டம் சுமார் .311 அங்குலம், அதாவது 7.9 மி.மீ. பெயர் ஒன்று, பொருள் சற்றே வேறு. இந்தத் துறையில் இது அடிக்கடி வரும்.

இப்போது போருக்கு வருவோம். இங்கே போர் என்பது சண்டை அல்ல, துவாரம்! ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்துச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால், அந்த உருண்டை ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துகிறதோ அது 12 போர். அதே பவுண்டை 20 உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் சிறியதாகும். அதற்குரிய குழல் 20 போர். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். எங்கள் தண்டவாளத்தில் இதற்கு நேர்மாறு. 52 கிலோவை விட 60 கிலோ தண்டவாளம் கனமானது. ஆனால் மின்கம்பி வாங்கப் போனால் 16 கேஜை விட 20 கேஜ் மெலிந்தது. துப்பாக்கியின் போர் கம்பியின் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு: ஒரு பவுண்டு என்பது 453.6 கிராம். 12-ஆல் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். ஆகவே ஓர் உருண்டையின் கன அளவு 3.33 கன செ.மீ. இனி கோளத்தின் சூத்திரம். கன அளவை 6-ஆல் பெருக்கி, பையால் வகுத்து, கனமூலம் எடுத்தால் விட்டம் 1.85 செ.மீ. அதாவது 18.5 மி.மீ. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவும் அதுவே. 20 போருக்கு இதே வழியில் 15.6 மி.மீ. வரும். சுருக்கு வழி வேண்டுமானால், ஒரு பவுண்டு உருண்டையின் விட்டம் 42.4 மி.மீ. என்று நினைவில் வைத்துக்கொண்டு, போர் எண்ணின் கனமூலத்தால் அதை வகுத்துவிடலாம். வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது, பள்ளியில் கனமூலம் எதற்குப் படிக்கிறோம் என்று இதுவரை தெரியாமலிருந்த இரண்டு பிள்ளைகளின் முகம் மலர்ந்தது.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. .410 என்று ஒரு மெல்லிய ரவைத் துப்பாக்கி இருக்கிறது. அதை மட்டும் அங்குலத்தில் சொல்வார்கள். போர்க் கணக்கில் சொன்னால் அது சுமார் 67 போர் ஆகும். 12, 16, 20 என்று பழகியவர் 410 என்றதும் குண்டூசி அளவு என்று நினைக்கக் கூடாது. அதன் துவாரம் 10.4 மி.மீ.

12 போர், 20 போர் முதலியவற்றின் தோட்டாவுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் குண்டு அல்ல, ஈய ரவைகள். அந்த ரவைகளுக்கும் எண் உண்டு. அங்கும் 4-ஐ விட 6 சிறியது, 6-ஐ விட 8 சிறியது. ஆகவே ஒரு தோட்டாவின் உடம்பில் 12 என்றும் 6 என்றும் இரண்டு எண்கள் இருந்தால், முன்னது குழலுக்கு, பின்னது ரவைக்கு. இது போதாதென்று தோட்டாவின் நீளம் வேறு. 65 மி.மீ., 70 மி.மீ., 76 மி.மீ. என்று வரும். இந்த நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். மடித்த வாயோடு இருக்கும்போது 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைகொண்ட பழைய வெள்ளைக்காரன் காலத் துப்பாக்கியில் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வெடிக்கும்போது வாய் விரிய இடம் இல்லாமல் குழலை நெருக்கும், உள்ளழுத்தம் எகிறும். உள்ளே போகிறது என்பதால் பொருந்துகிறது என்று ஆகிவிடாது.

நான் டிராலியில் ஏற்றிச் சென்ற மனிதரின் கதை இங்கேதான் வருகிறது. 1984. நைன்பூர்ப் பக்கம் குறுகிய பாதைப் பகுதியில் எனக்கு வேலை. 762 மி.மீ. பாதை, 2015-இல் ஜபல்பூரில் நின்றுபோனதே, அதுதான். பாதைக்கு ஜல்லி கொட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. கூலிக்காரர்களின் முகாம் காட்டோரம். இரவில் காட்டுப்பன்றிகள் வந்து அரிசி மூட்டையைக் கிழித்துவிடும் என்று, முகாமின் காவலுக்கு ஒரு பெரியவர் வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டுவதற்காக ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். ஒற்றைக் குழல், 12 போர். தோட்டாக்களை ஒரு துணிப்பையில் வைத்திருந்தார். யாரோ கொடுத்த 20 போர்த் தோட்டா ஒன்றும் அந்தப் பையில் கலந்துவிட்டது.

அன்று மாலை மங்கிய வெளிச்சத்தில் அவர் கையில் முதலில் சிக்கியது அந்த 20 போர். குழலில் போட்டார். 12 போரின் அறை அகலமானது. 20 போர்த் தோட்டாவின் விளிம்பு அதில் நிற்காது. தோட்டா அறையைத் தாண்டி வழுக்கிச் சென்று, அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. மூடிக் குதிரையை இழுத்தார். டக் என்று சத்தம் மட்டும் கேட்டது. திறந்து பார்த்தார். அறை காலி. தோட்டா போட மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு 12 போர்த் தோட்டாவைப் போட்டார். அதற்கு முழு இடமும் இருந்தது. சுட்டார்.

சத்தம் கேட்டு ஓடிப்போனேன். குழல் முன்கைப் பிடிக்குச் சற்று முன்னால் வாழைப்பூ மடல் போல விரிந்து கிடந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. என் தலைத்துண்டால் கட்டி, டிராலியில் படுக்கவைத்து, நான்கு டிராலிமேன்களும் மாறி மாறித் தள்ளி ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். உயிர் பிழைத்தார். வழியெல்லாம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "காலியாத்தான் சாப் இருந்துச்சு, நான் பார்த்தேன்." அவர் சொன்ன ஹிந்தியை நான் தமிழில் எழுதுகிறேன். பொய் சொல்லவில்லை அவர். பார்க்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே பார்த்திருக்க வேண்டும், அவ்வளவே. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் பல நாடுகளில் 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் மட்டும் செய்யும் வழக்கம் வந்தது. ஆனால் பழைய தோட்டாக்களின் நிறத்தை நம்ப முடியாது. பித்தளை அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ரைபிள், பிஸ்டல் வகைகளில் பெயர்க் குழப்பம் இன்னும் அதிகம். .38 ரிவால்வர் என்கிறோம். .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவின் குண்டு .357 அங்குலம்தான். பழைய நாளில் குண்டும் கூடும் வெளியே ஒரே பருமனாக இருந்தன. பிறகு குண்டைக் கூட்டுக்குள் செருகும் முறை வந்தது. குண்டு மெலிந்தது, பெயர் மெலியவில்லை. 1935-இல் .357 மேக்னம் என்று ஒன்று வந்தது. குண்டின் விட்டம் அதே .357. மருந்தின் வேகம் மிக அதிகம். அதைப் பழைய .38 ரிவால்வரில் யாரும் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே கூட்டை 3 மி.மீ.க்குச் சற்றே மேல் நீளமாகச் செய்தார்கள். வேண்டுமென்றே பொருந்தாமல் செய்வதும் ஒரு பாதுகாப்புத்தான்.

நம் நாட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடம் அதிகம் காணப்படும் .32-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரிவால்வருக்கும் .32, பிஸ்டலுக்கும் .32. ஆனால் ரிவால்வர்த் தோட்டாவின் கூடு 23 மி.மீ., பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மி.மீ. இரண்டும் வெவ்வேறு. கடையில் ".32 கொடு" என்று மட்டும் கேட்டால் போதாது.

அதனால்தான் இராணுவத்தில் இரண்டு எண்களாகச் சொல்லும் வழக்கம். 7.62 பெருக்கல் 51 என்றால், 7.62 குழலின் விட்டம், 51 தோட்டாக் கூட்டின் நீளம், இரண்டும் மி.மீ.யில். எஸ்.எல்.ஆர். ரைபிளுக்கு 51. கலாஷ்னிகோவுக்கு 39. திரகுனோவுக்கு 54. மூன்றும் 7.62தான். ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்கு ஆகாது. இந்த 7.62 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது? அங்குலத்தில் பத்தில் மூன்று பங்கு அது. ஜார் காலத்து ரஷ்யாவில் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கை ஒரு கோடு என்பார்கள். 1891-இல் வந்த ரைபிளை மூன்று கோட்டு ரைபிள் என்றே அழைத்தார்கள். இச்சாப்பூரில் 1960-களில் செய்த 7.62 ரைபிள் ஒன்று உண்டு. பார்வைக்கு அச்சாகப் பழைய .303 போலவே இருக்கும். தோட்டா மட்டும் வேறு. ஆளைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது.

மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களில் .315 ரைபிளை நிறையப் பார்க்கலாம். .303-ஐ விடச் சற்றே பெரியது. இது ஏன் தனியாக வந்தது என்றால், படையில் பயன்படும் அளவுகளை மக்கள் கையில் கொடுக்க வெள்ளைக்கார அரசு விரும்பவில்லை. படையின் தோட்டா வெளியே போனாலும் பொருந்தாமலிருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1857 எளிதில் மறக்கக்கூடியதா? சுதந்திரம் வந்த பிறகும் தடைசெய்யப்பட்ட போர், தடைசெய்யப்படாத போர் என்ற பிரிவு தொடர்கிறது. .303, 9 மி.மீ. முதலியவை முன்னதில். .315, .32, 12 போர் பின்னதில்.

1857 என்றதும் நினைவுக்கு வருகிறது. அன்று சிப்பாய்கள் கையில் கொடுத்த என்ஃபீல்டு ரைபிளின் துவாரம் .577 அங்குலம், 14.7 மி.மீ. முப்பது ஆண்டுகளில் அது .303 ஆகப் பாதியாய்ச் சுருங்கியது. இன்சாஸ் ரைபிளில் 5.56 மி.மீ. காரணம் மருந்து. கரிமருந்து காலத்தில் குண்டுக்கு வேகம் குறைவு. ஆகவே கனமான குண்டு தேவைப்பட்டது. புகையில்லா மருந்து வந்ததும் வேகம் கூடியது. ஆற்றல் எடைக்கு நேர்விகிதம், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் நான்கு மடங்கு. .303-க்கு ஊட்டிய கார்டைட் என்னும் புகையில்லா மருந்து நூல் நூலாக இருக்கும், பெயரே அதனால் வந்தது. நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை தொடங்கியதே இந்தக் கார்டைட்டுக்காகத்தான். குன்னூரிலிருந்து ஊட்டி செல்லும் மலை ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள்.

விட்டம் மட்டும் பார்த்து பலத்தை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இன்னோர் உதாரணம். நம் பிள்ளைகள் என்.சி.சி.யில் சுடும் .22 ரைபிளின் குண்டு 5.6 மி.மீ. இன்சாஸ் குண்டும் கிட்டத்தட்ட அதே பருமன். ஆனால் .22-இன் ஆற்றல் சுமார் 140 ஜூல். இன்சாஸின் வகைத் தோட்டாவுக்கு சுமார் 1700 ஜூல். ஒரே 1676 மி.மீ. பாதையில் என் தள்ளு டிராலியும் ஓடியது, 6000 குதிரைத்திறன் எஞ்சினும் ஓடுகிறது. கேஜ் ஒன்று என்பதால் வண்டி ஒன்றாகிவிடுமா?

பீரங்கிக்குப் போனால் கேலிபர் என்ற சொல்லே கட்சி மாறிவிடும். அங்கே அது குழலின் நீளத்தைச் சொல்லும் அளவுகோல். நம் ஊர் பீரங்கி வண்டித் தொழிற்சாலை செய்து 2019-இல் படையிடம் ஒப்படைக்கத் தொடங்கிய தனுஷ், 155 மி.மீ., 45 கேலிபர். 155-ஐ 45-ஆல் பெருக்குங்கள். குழல் நீளம் 6975 மி.மீ., ஏறக்குறைய 7 மீட்டர். 1986-இல் ஒப்பந்தம் போட்டு வாங்கிய போஃபர்ஸுக்கு 39 கேலிபர், 6 மீட்டருக்குச் சற்றே மேல். குழல் நீண்டால் வாயு தள்ளும் தூரம் நீளும், குண்டு தூரம் போகும். அதற்கும் முந்திய காலத்தில் 25 பவுண்டர் என்று குண்டின் எடையால் பீரங்கிக்குப் பெயர் வைத்தார்கள். அதன் துவாரம் 87.6 மி.மீ. போதும், இதற்கு மேல் கமரியா நண்பர்கள் எழுதட்டும்.

இந்த எண்களுக்கு ரத்தம் சிந்தாத பக்கமும் உண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் சுடுவது 4.5 மி.மீ. காற்று ரைபிள், 10 மீட்டர் தூரம். நம்மைப் போல ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பெண், இரண்டு ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடியவர். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் சுடும் டிராப் போட்டிக்கு 12 போர், தோட்டாவில் 24 கிராம் ரவை. 2024 பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலேயின் துப்பாக்கி 5.6 மி.மீ. அவர் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் என்பதை ஒரு ரயில்வேக்காரன் எழுதாமல் விட முடியுமா?

அந்த வகுப்பு முடிந்த நான்காம் நாள் என் காலஞ்சென்ற நண்பரின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். நண்பர் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று, ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி, காவலுக்காக லைசென்ஸுடன் 12 போர் இரட்டைக் குழல் வைத்திருந்தவர். "அண்ணா, உங்க வகுப்பிலே துப்பாக்கி பத்தி ஏதோ சொன்னீங்களாமே. அவரோட துப்பாக்கி இன்னும் பீரோவிலேதான் இருக்கு. பையன் புனாவிலிருந்து வந்திருக்கான். சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்க்கணுங்கறான்" என்றார்.

"யாரும் தொட வேண்டாம், நான் வரேம்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு துணிப்பை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே மாதிரிப் பை போலவே எனக்குத் தோன்றியது. கை வைக்காமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய் திறந்திருந்த பையில் மேலாக ஏழு தோட்டாக்கள் தெரிந்தன. ஐந்தின் அடியில் 12. இரண்டின் அடியில் 20. எல்லாம் ஒரே சிவப்பு. அந்த இளைஞனைக் கூப்பிட்டு டார்ச்சை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு நைன்பூர்க் கதையைச் சொன்னேன். அவன் டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

லைசென்ஸ்தாரர் காலமானால் துப்பாக்கியும் தோட்டாவும் அவரோடு லைசென்ஸை இழந்துவிடுகின்றன. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி, தாமதமில்லாமல் அவற்றைப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, விதிகளுக்கு உட்பட்டு லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுக்கு வேண்டுமானால் தம் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் திரும்பப் பெறலாம். ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் 2019 திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. இந்த வீட்டில் ஓர் ஆண்டு ஆகிவிட்டதே, கேஸ் போடுவார்களோ என்று அந்த அம்மாளுக்குப் பயம். பயந்துதான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மூவருமாகக் காவல் நிலையத்துக்கு முதலில் வெறுங்கையோடு போனோம். இறப்புச் சான்றிதழையும் பழைய லைசென்ஸையும் காட்டி, தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தோம். ஒரு சப் இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் வீட்டுக்கு வந்து துப்பாக்கியையும் பையையும் எடுத்துக்கொண்டு, தோட்டாக்களை எண்ணி ரசீது கொடுத்தார்கள். ரசீதில் "12 போர்த் தோட்டா 14" என்று மொத்தமாக எழுதியிருந்தது. அதைத் திருத்தி, 12 போர் 11, 20 போர் 3 என்று தனித்தனியாக எழுதித் தரச் சொன்னேன். சப் இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பையன் 16 போருக்குக் கணக்குப் போட்டு நோட்டில் கொண்டுவந்தான். 16.8 மி.மீ. சரியான விடை.